மரகதத்துக்கு இரண்டு மூட்டை மணல்

மார்ச் 4, திங்கள்

கால்நடை மருத்துவர் எஸ்தர் இன்று எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பச்சோந்தியின் வயிற்றில் ஒரு திராட்சைக் கொத்து தொங்குவது போலிருந்தது. முப்பதுக்கு மேல் முட்டைகள் என்றார். நான் வயிற்று உப்புசம் என்று முடிவு செய்து இரண்டு நாள் பட்டினி போட்டிருந்தேன்.

"கூண்டுல ஆண் கிடையாதே, டாக்டர்."

"கோழி இடுதுல்லா சார்? அதுகிட்ட யாரும் இப்படிப் போய்க் கேக்கதில்லையே."

முப்பத்தோரு ஆண்டுகள் கட்சி நாளேட்டில் தலையங்கம் எழுதியவன் நான். பதில் இல்லாத இடத்தில் பத்தியை முடித்துவிடுவது வழக்கம். நேரில் பேசும்போது அந்த வசதி இல்லை.

அவருக்கும் இது புதிதாம். ஆடு, மாடு, நாய், ஒருமுறை கோயில் யானை வரை பார்த்திருக்கிறார். ஏமன் நாட்டுப் பச்சோந்தி பாளையங்கோட்டைக்கு இதுதான் முதல். ஆகவே தினமும் தேதி போட்டு மூன்று விவரங்கள் எழுதிவரச் சொன்னார்: தின்றது, குடித்தது, நிறம். கட்சி கொடுத்த டைரி ஒன்று காலியாகக் கிடந்தது. மூன்றுக்கு மேல் இதில் ஏதாவது ஏறினால் அது தொழில் கோளாறு.

ஆழமான தொட்டியில் ஈர மணல் வைக்க வேண்டும். அது குழி தோண்டி உள்ளே இறங்கி முட்டையிடும். இடம் பிடிக்காவிட்டால் முட்டைகளை உள்ளேயே வைத்துக்கொள்ளும்.

"வச்சுக்கிட்டா?"

"செத்துப்போகும் சார்."

கூண்டு இருக்கும் அறையில் முன்பு வசித்தவர் (என் மகள், வயது இருபத்தெட்டு) ஏழு மாதங்களுக்கு முன் நாகர்கோவிலுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே வாடகை வீட்டில் பிராணிகளுக்கு அனுமதி இல்லையாம். எனவே பச்சோந்தி, அதன் பதிவுச் சான்றிதழ், பராமரிப்புக் குறிப்புகள் எழுதிய நாற்பது பக்க நோட்டு ஆகிய மூன்றும் இங்கேயே தங்கிவிட்டன. பிராணிக்கு மரகதம் என்று பெயர் வைத்திருக்கிறார். நான் 'அது' என்றே எழுதுவேன்.

தின்றது: எதுவுமில்லை. குடித்தது: இலையில் தெளித்த நீர், நாலைந்து சொட்டு. நிறம்: கரும்பச்சை, அதில் மஞ்சளும் நீலமுமாகப் புள்ளிகள்.

மார்ச் 5, செவ்வாய்

நோட்டை முதன்முறையாக முழுதும் படித்தேன். ஒன்பதாம் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "பச்சோந்தி இடத்துக்குத் தக்கபடி நிறம் மாறுவதில்லை. பயம், கோபம், குளிர், சினை, இவைதான் நிறமாக வெளியே தெரியும். உள்ளே இருப்பதை மறைக்க அதற்குத் தெரியாது. அப்பா கவனத்துக்கு."

கட்சி மாறியவர்களைப் பற்றி நான் எழுதிய தலையங்கங்களில் 'பச்சோந்தி' என்ற சொல் அறுநூறு முறையாவது வந்திருக்கும். எழுதிய காலத்தில் அந்தப் பிராணியை ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. நேரில் பார்த்ததை மட்டும்தான் எழுத வேண்டும் என்றால் எங்கள் நாளேடு இரண்டு பக்கத்தில் முடிந்திருக்கும்.

அதே பக்கத்தில் இரண்டு இடங்களில் ஒற்று விட்டுப்போயிருந்தது. சிவப்பு மையால் திருத்தினேன்.

தின்றது: ஒரு வெட்டுக்கிளி, அதுவும் வேண்டாவெறுப்பாக. நிறம்: நேற்றைப் போலவே.

மார்ச் 7, வியாழன்

என் மனைவி வடிவு சுவரில் பல்லியைக் கண்டால் நாற்காலிமேல் ஏறுபவள். இன்று காலை ஒரு துண்டையும் இரண்டு ரவிக்கைகளையும் காயப்போட மொட்டைமாடிக்குப் போனாள். நாற்பது நிமிடம் ஆயிற்று. கைப்பேசியும் உடன் போயிருந்தது. இறங்கி வந்ததும் சொன்னாள்:

"தொட்டி ஒரு முழமாவது ஆழம் இருக்கணும். மணலைக் கையில பிடிச்சா கொழுக்கட்டை மாதிரி நிக்கணும். தண்ணி சொட்டப்பிடாது."

"இதெல்லாம் ஒனக்கு எப்படித் தெரியும்?"

"பொது அறிவுதான்."

வெயிலில் நிற்பது பொது அறிவை வளர்க்கிறது போலும்.

அது கிளையில் இருப்பதில்லை. கூண்டின் வலையைப் பிடித்து ஏறுகிறது, இறங்குகிறது, மூலைக்கு மூலை நடக்கிறது. எதையோ வைத்த இடம் மறந்தவர் நடப்பது போல. பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்கும் உட்கார முடியவில்லை.

மார்ச் 9, சனி

பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்று வாங்கினேன். பக்கத்து மனையில் வீடு கட்டுகிறார்கள். மேஸ்திரியிடம் ஆற்று மணல் கேட்டேன்.

"ஆத்து மணலா? சார் எந்தக் காலத்துல இருக்கீங்க? இப்ப எல்லாம் எம்-சாண்ட்தான்" என்று இரண்டு சட்டி அள்ளிக் கொடுத்தார். பாறையை இயந்திரத்தில் அரைத்து எடுப்பது. மணலைப் போலவே இருக்கிறது. நனைத்துத் தொட்டியை நிரப்பிக் கூண்டுக்குள் வைத்தேன். முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

மார்ச் 10, ஞாயிறு

இறங்கித் தோண்டியது. அரை அடி போனதும் குழி சரிந்தது. மறுபடி தோண்டியது, மறுபடி சரிந்தது. மூன்றாவது முறை அது தோண்டவில்லை. என்னைப் பார்த்தது. ஒரு கண்ணால் மட்டும். மற்றது தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது. முன்கால் நகத்தில் இலேசாக ரத்தம். அந்த அரைத்த பாறை கத்தி போல இருக்கிறது.

வடிவு தென்காசியில் இருக்கும் தன் அக்காவைப் பார்க்கக் காலையில் போய் மாலையில் திரும்பினாள். ஒரு பை நேந்திரம் சிப்ஸ் வாங்கி வந்திருந்தாள். பையில் நாகர்கோவில் கடை ஒன்றின் பெயர் அச்சாகியிருந்தது. தென்காசியில் கிளை திறந்திருப்பார்கள்.

"எம்-சாண்ட் கூடவே கூடாது. ஆத்து மணல்தான் வேணும், அதையும் ரெண்டு தடவை கழுவணும்" என்றாள், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே. அக்காவும் பச்சோந்தி வளர்க்கிறாரோ என்னவோ.

மார்ச் 12, செவ்வாய்

தாமிரபரணி என் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர். அதில் ஒரு வாளி மணல் எடுத்தால் குற்றம். அதைக் குற்றமாக்கச் சொல்லி நானே பதினோரு தலையங்கம் எழுதியிருக்கிறேன். 'ஆற்றின் நெஞ்சில் கை வைக்காதே' என்பது அவற்றில் ஒன்றின் தலைப்பு.

காலையில் ஒரு மஞ்சள் பையைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஆற்றங்கரை வரை நடந்தேன். உடல்நலத்துக்கு நடப்பது நல்லது. படித்துறையில் மணல் கிடந்தது. குனிந்தேன். குளித்துக்கொண்டிருந்த ஒருவர், "எதும் தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லி நிமிர்ந்தேன். வெறும் பையோடு திரும்பினேன்.

தின்றது: இல்லை. குடித்தது: கொஞ்சம். நிறம்: புள்ளிகள் இன்னும் பளிச்சென்று.

மார்ச் 14, வியாழன்

கொம்பையா வந்தான்.

கொம்பையா முன்னாள் கவுன்சிலர். என்னோடு ஒன்றாகப் படித்தவன். நான்கு கட்சி மாறியவன். 'பச்சோந்திகளின் ஊர்வலம்' என்று மூன்று நாள் தொடர் தலையங்கம் எழுதியது அவனைப் பற்றித்தான். பதினாறு ஆண்டுகளாக நாங்கள் பேசிக்கொள்வதில்லை. வாசலில் ஆட்டோ நின்றது. இரண்டு மூட்டை இறங்கியது. பிறகு அவன் இறங்கினான்.

"என்னவே ஆசிரியரே, மணலு தேடுதீராம்லா? படித்துறையில குனிஞ்சு நின்னீருன்னு ஊரே பேசுது."

"யாரு சொன்னா?"

"குளிச்சிக்கிட்டு இருந்தவன் என் மச்சினன்வே."

மணல் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். கொள்கையை விட்டுக்கொடுக்க முடியாது.

"கோவப்படாதீரும். மாடி கட்ட வாங்கினது, மிச்சம் பத்து வருசமா கொல்லையில கெடக்கு. ரசீது இருக்கு. ஒம்ம தலையங்கத்துக்குப் பயந்து லேமினேட் பண்ணி வச்சிருக்கேன்."

கூண்டுக்கு முன்னால் வெகுநேரம் நின்றான். அது நடையை நிறுத்தி அவனைப் பார்த்தது.

"இதானா? இது பேரச் சொல்லியா என்னைய மூணு நாளு தொடர்ந்து திட்டினீரு? பாவம்வே, மாசமா இருக்கிற பிள்ளை மாதிரில்லா முழிக்கி." பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னான்: "நான் நாலு கட்சி மாறினேன். எந்தக் கட்சியில இருந்தாலும் கல்யாணத்துக்குக் கூப்பிட்டா போயிருவேன். ஒம்ம மக அல்லிப் பிள்ளை ரிஜிஸ்தர் ஆபீஸ்ல சாட்சிக்கு ஆள் இல்லாம நின்னுச்சு. நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"இருபத்தாறு கல்யாணத்துல சாதி ஒழியணும்னு மேடையில பேசினவரு நீரு. நாலு கட்சியிலயும் நான் ஒரே ஆளுதான்வே. நீரு ஒரே கட்சியில ரெண்டு ஆளா இருந்துட்டீரு."

ஒரு மூட்டை மணலுக்கு எவ்வளவு தண்ணீர் விட வேண்டும் என்று கேட்டேன்.

அவன் போன பிறகு சில உண்மைகளைப் பதிவு செய்துவிடுவது நல்லது. ஒன்று, திருமணப் பதிவு அன்று எனக்குப் பல் மருத்துவரிடம் நேரம் வாங்கியிருந்தது. இரண்டு, நான் எதையும் எதிர்க்கவில்லை. அந்தப் பையன், பெயர் இசக்கிராஜ், பாலிடெக்னிக்கில் ஆசிரியர், ஒருமுறை இங்கே வந்தார். 'எந்தத் தெரு?' என்று மட்டும்தான் கேட்டேன். அது புவியியல் சம்பந்தமான கேள்வி. இந்த மாவட்டத்தில் அதற்கு வேறு பொருள் உண்டு என்பது எனக்குத் தெரியாதது அல்ல. அவர் பதில் சொன்னார். நான் 'யோசிக்க அவகாசம் வேண்டும்' என்றேன். அவகாசம் கேட்பது எதிர்ப்பு ஆகாது.

அந்தப் பல் இன்னும் வாயில்தான் இருக்கிறது.

மார்ச் 15, வெள்ளி

மணலை இரண்டு முறை கழுவி, கொழுக்கட்டைப் பதத்தில் நிரப்பினேன். காலை பத்து மணிக்கு இறங்கியது. தோண்டியது. குழி நின்றது! தலையும் முன்கால்களும் உள்ளே போயின. எழுந்து நின்று பார்த்தேன். பின்னோக்கி வெளியே வந்தது, என்னைப் பார்த்தது, ஏறிப் போய்விட்டது.

மார்ச் 16, சனி

அதே.

மார்ச் 17, ஞாயிறு

கவனிக்கப்படுவதாக அதற்குத் தோன்றக் கூடாது என்று நோட்டு சொல்கிறது. பதினான்காம் பக்கம். ஆகவே கூண்டைச் சுற்றிப் பழைய நாளிதழ்களை ஒட்டினேன். நடுவில் ஒரு பெருவிரல் அகலத்துக்கு ஓட்டை. பார்த்தால்தானே சரியாக நடக்கிறதா என்று தெரியும்? முப்பத்தோரு ஆண்டுகளில் நான் பார்க்காமல் ஒரு பக்கமும் அச்சுக்குப் போனதில்லை.

பதினோரு மணிக்கு ஓட்டையில் கண்ணை வைத்தேன். மறுபக்கத்தில் இன்னொரு கண் இருந்தது.

சிறிய கூம்பு, நடுவில் கருமணி, சுற்றிலும் பச்சைச் சுருக்கங்கள். எத்தனை நேரமாக அங்கே காத்திருந்தது என்று தெரியவில்லை. இருவரும் கொஞ்சம் பார்த்துக்கொண்டோம். ஓட்டையை அடைத்தேன். ஓட்டை போட்ட இடம் என்னுடைய பழைய தலையங்கம் ஒன்றில் விழுந்திருந்தது. பொருளுக்குப் பெரிய சேதமில்லை.

மார்ச் 18, திங்கள்

எஸ்தர் வீட்டுக்கே வந்து பார்த்தார். வயிற்றை விரல் நுனியால் தொட்டார்.

"எத்தனை குழி தோண்டி விட்டுருக்கு?"

"ஐந்து."

"அதுக்குச் சக்தி குறையுது சார். சனிக்கிழமை காலை வரை பாப்போம். அப்பவும் இடலைன்னா ஊசி. ஊசிக்கும் கேக்கலைன்னா ஆபரேஷன். அதைச் செய்யுற ஆளு இங்க இல்ல, சென்னைக்குத்தான் கொண்டு போணும்."

"சென்னை வரை தாங்குமா?"

அவர் டைரியை வாங்கிப் புரட்டினார். "நான் மூணு விவரம்தானே சார் கேட்டேன்?" என்றார். கொம்பையா பக்கத்தை மட்டும் இரண்டு முறை படித்தார் என்று நினைக்கிறேன். மூடித் திருப்பிக் கொடுத்தார்.

மார்ச் 19, செவ்வாய்

அவள் கூண்டுக்குள் நடந்தாள். நான் வெளியே நடந்தேன். மதியத்தில் அவள் நிறுத்திவிட்டாள்.

மார்ச் 20, புதன்

பட்டப்பகலில் கண்ணை மூடிக்கொண்டு கிளையில் தொங்குகிறாள். பகலில் கண் மூடினால் ஆபத்து என்று நோட்டில் அடிக்கோடு இட்டிருக்கிறது. தண்ணீர் தெளித்தேன். ஒரு கண் திறந்தது. நாலு சொட்டு குடித்தாள்.

சில நடைமுறை விஷயங்களை யோசித்தேன். இவள் இல்லாமல் போனால் கூண்டைக் காலி செய்துவிடலாம். இந்த அறையில் எடுத்துப் போவதற்கென்று யாருடைய பொருளும் மிச்சமிருக்காது. யாரும் எதற்காகவும் வர வேண்டியிருக்காது. வடிவு மொட்டைமாடிக்குக் கைப்பேசியோடு ஏறி, மணலின் பதம் பற்றி இறங்கி வந்து சொல்ல வேண்டியதும் இருக்காது. துணிகள் ஐந்து நிமிடத்தில் காயப்போடப்படும். வீடு ஒழுங்காக இருக்கும்.

கடைசி வாக்கியத்தை அடிக்கலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

மார்ச் 21, வியாழன்

காலையில் சற்றுத் தெளிவு. மறுபடி இறங்கி மணலைக் கீறினாள். நான் அறையின் வாசலில், கதவுக்கு வெளியே, மூச்சுவிடாமல் நின்றேன். கீறல் நின்றது. வடிவு பின்னால் வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

"அவ உங்க முன்னால தோண்ட மாட்டா."

"நான் முன்னால இல்லையே. வெளிய நின்னேன்."

"நீங்க வீட்டுல இருந்தாலே அவளுக்குத் தெரியும். காலடிச் சத்தம் போதும். நிமிசத்துக்கு ஒருக்கா அந்தக் கதவுகிட்ட போறீங்க."

"அக்கறையிலதான போறேன்?"

"அக்கறைதான். யாரு இல்லைன்னா? அல்லி இருந்தப்பவும் இதே அக்கறைதான். போன் வந்தா யாருன்னு பாக்கது, கதவைச் சாத்தினா என்னன்னு பாக்கது, காயிதம் வந்தா உறையில யாரு பேருன்னு பாக்கது. அவ கல்யாண எண்ணத்தை உங்ககிட்ட சொல்லாம ஏன் ஆறு மாசம் வயித்துக்குள்ளயே வச்சிருந்தா தெரியுமா? தோண்ட எடம் குடுக்கலை நீங்க."

அடுப்பில் குழம்பு பொங்கியது. அணைத்துவிட்டு வந்தாள். குரல் இறங்கியிருந்தது.

"நாளைக்கு ஒரு நாள் எங்கயாவது போங்க. காலையில போயிட்டு சாயங்காலம் வாங்க. நான் அடுப்படியில அசையாம இருந்துக்கிடுதேன்."

"எங்க போக?"

"உங்களுக்கா போக எடம் இல்ல?" என்றாள்.

நான் போகக்கூடிய இடங்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். கட்சி அலுவலகம்: தேர்தல் நேரம், யார் எந்தக் கட்சியில் இருக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். நூலகம்: வெள்ளி விடுமுறை. கொம்பையா வீடு: முடியாது. தாள் அதோடு தீர்ந்துவிட்டது, இடம் நிறைய இருந்தும்.

மார்ச் 23, சனி

நேற்று எழுதவில்லை. வீட்டில் இல்லை.

காலை ஏழு மணிக்குப் புதிய பேருந்து நிலையம் போனேன். முதலில் வந்த பேருந்தில் ஏறினேன். முதலில் வந்தது மதுரை. அடுத்தது தூத்துக்குடி, அதற்கடுத்தது சங்கரன்கோவில். ஆகவே, முதலில் வந்த நாகர்கோவில் பேருந்தில் ஏறினேன் என்று திருத்தி வாசிக்கவும். பையில் நோட்டு இருந்தது. பதினான்காம் பக்கத்தில் ஒரு சொல் தெளிவாக இல்லை, எழுதியவரிடமே கேட்டுவிடலாம் என்று ஒரு எண்ணம்.

ஆரல்வாய்மொழியில் காற்றாலைகள் எல்லாம் ஒரே திசையைப் பார்த்துச் சுற்றின. பக்கத்து இருக்கைக்காரர், "சார், காலை ஆட்டாதீங்க" என்றார்.

நாகர்கோவில் வடசேரி நிலையத்தில் இறங்கி ஆட்டோவில் உட்கார்ந்தேன். ஓட்டுநர் திரும்பி, "எந்தத் தெரு?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. ஏழு மாதத்தில் ஒருமுறைகூட நான் கேட்கவில்லை. ஓட்டுநர் காத்திருந்தார். வேறு வழியில்லாமல் வடிவைக் கூப்பிட்டேன்.

"வடிவு, அல்லி எந்தத் தெரு?"

ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு தெருப் பெயர், வீட்டு எண், முனையில் இருக்கும் பால் பூத், மாடிப்படி வலது பக்கம் என்பது வரை சொன்னாள். "படியில மூணாவது கல்லு ஆடும், பாத்து ஏறுங்க" என்றாள். தென்காசி அக்கா வீட்டு விவரம்கூட அவளுக்கு இவ்வளவு துல்லியமாகத் தெரியாது.

அல்லிதான் கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகத்திலிருந்து நிறம் வடிந்தது.

"மரகதம் செத்துட்டாளாப்பா?"

அவள் செத்தால்தான் நான் வருவேன் என்று என் மகள் நினைத்திருக்கிறாள். அப்படி நினைத்ததற்கு ஆதாரம் உண்டா என்று யோசித்தேன். உண்டு.

"இல்ல. உயிரோடதான் இருக்கா. நான் வீட்டுல இருந்தா முட்டை இட மாட்டாளாம். அதான்…"

"அதான்?"

"வெளிய வந்தேன்."

"வெளியேன்னா எண்பது கிலோமீட்டராப்பா?" என்றாள். சிரிக்கிறாளா அழப்போகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் முகத்தைப் படிப்பதில் எனக்குப் பயிற்சி இல்லை. இருபத்தெட்டு ஆண்டுகள் பார்த்ததோடு சரி.

நோட்டை எடுத்து நீட்டி, புரியாத சொல்லைக் காட்டினேன். படித்துப் பார்த்தாள். "தெளிவாத்தானே இருக்கு?"

"கண்ணாடி மாத்தணும்."

அவள் பக்கங்களைப் புரட்டினாள். ஒன்பதில் நின்றாள். "ஒற்றுப் பிழை எல்லாம் திருத்தியிருக்கீங்க."

"ரெண்டே ரெண்டுதான்."

அவள் விரல் இன்னும் கீழே போனது. 'உள்ளே இருப்பதை மறைக்க அதற்குத் தெரியாது' என்ற வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் 'சரி' என்று எழுதியிருந்தது. எப்போது எழுதினேன் என்று நினைவில்லை. கையெழுத்து என்னுடையதுதான்.

இசக்கிராஜ் உள்ளிருந்து வந்தார். கையில் தோசைக் கரண்டி. "வாங்க சார்" என்றார். எனக்கும் உடனே வேறு சொல் தோன்றவில்லை. "பாலிடெக்னிக் லீவா?" என்றேன். "மதியம்தான் சார் கிளாஸ்" என்றார். அதோடு அந்தத் தலைப்பு முடிந்தது. அவர் நின்றார். நான் நின்றேன். அல்லி ஒரு நாற்காலியை என் முழங்காலுக்குப் பின்னால் தள்ளினாள்.

சுவரில் பதிவு அலுவலகத்தில் எடுத்த படம் மாட்டியிருந்தது. அல்லி, இசக்கிராஜ், அவருடைய பெற்றோர். அல்லிக்கு இந்தப் பக்கம், நான் நிற்க வேண்டிய இடத்தில், கொம்பையா பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறான். நான் பார்க்காமல் அச்சேறிய பக்கம். இனித் திருத்தம் போட வழியில்லை.

பதினொன்றரைக்கு வடிவு கூப்பிட்டாள். கிசுகிசுத்தாள். அல்லி ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"இறங்கிட்டா. அரை மணி நேரமாச்சு. நான் எட்டிப் பாக்கலை. சத்தம் மட்டும் கேக்குது. இரு, கதவிடுக்குல போனை வைக்கேன்."

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு சர், சர் என்று மணல் பிளாஸ்டிக்கில் விழும் சத்தம். ஒரு நிறுத்தம். மறுபடி சர், சர். அந்த நிறுத்தங்களில் மூன்று பேரும் மேசைமேல் இருந்த கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அடுப்பில் தோசை கருகும் வாடை வந்தது. இசக்கிராஜ் நகரவில்லை. நகர்ந்தால் எண்பது கிலோமீட்டருக்கு அப்பால் அவளுக்குக் கேட்டுவிடும் என்பது போல நின்றார். அந்த இடத்தில் அவர்மேல் எனக்கு ஒரு… பத்தியை இங்கே முடிக்கிறேன்.

"சாயங்காலம் வரைக்கும் ஆகும்பா" என்றாள் அல்லி. "நீங்க இப்பக் கிளம்பினா அவ பாதியில வெளிய வந்துருவா. இங்கயே இருங்க."

இருந்தேன். இசக்கிராஜ் கல்லூரிக்குப் போய்த் திரும்பினார். அல்லி மடிக்கணினியில் வேலை பார்த்தாள். நடுவில் ஒருமுறை அவளுக்குப் போன் வந்தது. பேச உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி, பால் பூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது சுலபமாக இல்லை.

நாலே முக்காலுக்கு வடிவு மறுபடி கூப்பிட்டாள். கிசுகிசுப்பு போய்விட்டது. தொண்டை கிழியக் கத்தினாள்.

"மேல வந்துட்டா! வத்தல் மாதிரி இருக்கா! மணலை எல்லாம் அவளே மூடி மிதிச்சிருக்கா, பொம்பளை! கரண்டி வச்சுத் தோண்டி எண்ணிட்டேன், நாப்பத்தொண்ணு!"

அல்லி முகத்தைப் பொத்திக்கொண்டாள். அவள் தோளில் கை வைக்கலாமா என்று யோசித்தேன். யோசித்து முடிக்கும்போது கை அங்கேதான் இருந்தது.

இசக்கிராஜ் பைக்கில் பேருந்து நிலையம் வரை கொண்டுவந்து விட்டார். பேருந்து கிளம்பும் சமயம் ஜன்னலுக்குக் கீழே நின்றார்.

"எங்க தெரு உங்களுக்குத் தெரியும்ல?" என்றேன்.

"தெரியும் சார். ஒருக்கா வந்திருக்கேன். வாசல் வரைக்கும்."

"அடுத்த தடவை உள்ள வாங்க" என்றேன். "ஞாயிற்றுக்கிழமை வாங்க. ரெண்டு பேரும்." ஓட்டுநர் அதற்குள் எஞ்சினைக் கிளப்பியிருந்தார். கேட்டதோ என்னவோ, மறுபடி ஒருமுறை சத்தமாகச் சொன்னேன். பேருந்தில் எல்லோருக்கும் கேட்டது.

இன்று காலை எஸ்தர் வந்து பார்த்தார். ஊசி தேவையில்லை. மரகதம் ஆறு வெட்டுக்கிளி தின்றாள், வெகுநேரம் தண்ணீர் குடித்தாள். நிறம்: இளம் பச்சை, புள்ளிகள் மங்கிவிட்டன.

நேற்றைய விவரங்களையும் கேட்டார். நேற்று மாலை வரை அவளை யாரும் பார்க்கவில்லை. ஆனால் பத்தியைக் காலியாக விட்டுப் பக்கத்தை முடித்து எனக்குப் பழக்கமில்லை. எனவே கையில் இருக்கும் விவரத்தைத் தருகிறேன்.

மார்ச் 22, வெள்ளி. தின்றது: நான்கு தோசை, அதில் ஒன்று கருகியது. குடித்தது: கருப்பட்டிக் காப்பி, இரண்டு தம்ளர். நிறம்: எனக்குத் தெரியவில்லை. எதிரில் இருந்த இருவரும் பார்த்தார்கள்.